அரை சென்டி

கலைமகளின் விரல்கள் பின்பக்கம் வளையும். கொஞ்சநஞ்சம் அல்ல, சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தால் புறங்கையோடு படுத்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருடமாக முதலிபாளையம் பனியன் கம்பெனிகளில் அவளுக்குச் சோறு போட்டது அந்த வளைவுதான். இடுப்புக்கு எலாஸ்டிக் வைத்துத் தைக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். துணியின் சுற்றளவைவிட எலாஸ்டிக் சிறியது. ஊசிக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை என்று பிடித்து, சுற்று முழுக்க ஒரே இழுவையில் ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் கூடுதலாக இழுத்து இன்னோரிடத்தில் விட்டுவிட்டால் இடுப்பு ஒருபக்கம் சுருங்கி ஒருபக்கம் தொங்கும். மற்றவர்களின் கை மதியத்துக்குள் சோர்ந்து இழுவை மாறிவிடும். கலைமகளின் விரல்கள் எலாஸ்டிக்கோடு சேர்ந்து வளைந்து, அதோடு சேர்ந்தே திரும்பும். லைனில் அவளுக்கு 'ரப்பர்க்கா' என்று பேர்.

எலாஸ்டிக் பெட்டி வந்து இறங்கினால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சாண் வெட்டி, இழுத்து, விட்டு, மறுபடியும் இழுத்து விட்டு அளவுகோலின்மேல் வைத்துப் பார்ப்பாள். "உசிரு இருக்குதுங்க" என்பாள். இல்லாவிட்டால், "இது செத்துப்போச்சுங்க. இழுத்தா வருது, உட்டாத் திரும்ப மாட்டேங்குது." பெட்டிக்குள் இறுக்கிச் சுற்றி வந்ததை அன்றைக்கே வெட்ட விடமாட்டாள். உதறிக் குவித்து ஒரு நாள் கிடக்கப் போட வேண்டும். அப்போதுதான் அது தன் சொந்த நீளத்துக்கு வரும். சூப்பர்வைசர் மணியனுக்குப் பொறுக்காது.

"ஏனம்மிணி, எலாஸ்டிக்குக்கு ரெஸ்ட்டு, எனக்கு டென்சனா?"

"உங்களையும் ஒரு நாளைக்கு உதறிப் போட்டா நல்லா இருப்பீங்க" என்பாள், தலையைத் தூக்காமல்.

ஐந்தடி பத்து அங்குலம் உயரம் அவள். கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்கள் நிலைப்படியில் அவள் குனிந்து வருவதைப் பார்த்ததும் காப்பியை ஆற வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கடைசியில் வந்த லிங்கசாமி அவளுக்குத் தோள் உயரம்தான். "எனக்கு எட்டாததை எடுத்துக் குடுக்க ஆளு வேணுமுங்க" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். சாயப்பட்டறைக்கும் கட்டிங்குக்கும் நடுவில் துணி ரோல் ஏற்றி இறக்குவது பிழைப்பு.

அவள் தம்பி சதீஷ்குமார் இன்னும் உயரம். ஆறடி மூன்று. பெருமாநல்லூரில் ஒரு குடோனில் லோடுமேன். பதினோரு வருடத்துக்கு முன்னால், அவனுக்கு இருபத்தேழு வயது, ஒரு நாள் வண்டியில் ரோல் ஏற்றிக்கொண்டிருந்தவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "உக்காருடா" என்றார்கள். "ரெண்டு ரோல்தான் மிச்சமுங்க, ஏத்திட்டு உக்கார்றேன்" என்றான். முதல் ரோலைத் தூக்கும்போது, "முதுகுக்குள்ள கிழியுதுங்க" என்று சொன்னான். இரண்டாவது ரோல் தரையிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்த வயசுக்கு மாரடைப்பா என்று ஊரார் ஒரு மாதம் பேசினார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

இந்த ஜூன் மாதம் கம்பெனியில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். பாட்டிலடி மாதிரிக் கண்ணாடி போட்டிருந்த கலைமகளை, இளம் பெண் டாக்டர் ஒருத்தி மற்றவர்களைவிட நெடுநேரம் உட்கார வைத்து விளக்கடித்துப் பார்த்தாள்.

"உங்க கண்ணுல லென்ஸ் நடுவுல இல்லக்கா. மேல ஏறிக் கிடக்கு. அதைச் சுத்திப் பிடிச்சிருக்கிற மெல்லிசான நூலு தளர்ந்திருக்கு" என்றாள். பிறகு கண்ணை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். விரல்களை விரிக்கச் சொன்னாள். ஒரு சீட்டில் எழுதி, "இதைக் கொண்டுபோய் இதய டாக்டர்கிட்டக் குடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றாள்.

"கண்ணுக்கு வந்தவளை எதுக்குங்க நெஞ்சுக்கு அனுப்பறீங்க?"

"ரெண்டுக்கும் ஒரே நூலு அக்கா" என்றாள் அந்தப் பெண்.

நூல் என்றால் கலைமகளுக்குப் புரியும். மறுவாரமே போனாள்.

திருப்பூரில் அந்த இதய டாக்டரம்மா அவள் நெஞ்சில் குழல் வைப்பதற்கு முன்னால், ஒரு கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மறு கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு விரல் நுனியும் தொட்டால் உண்டு, தொடாவிட்டால் இல்லை. அவளுக்குக் கட்டைவிரல் சுண்டுவிரலின் நகத்தைத் தாண்டி ஏறி உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு தவறியிருக்காங்களா?"

தம்பியைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கிழியுதுன்னா சொன்னார்? வலிக்குதுன்னு சொல்லல?"

"கிழியுதுன்னுதானுங்க சொன்னானாமா. கூட இருந்தவிய எல்லாரும் அதையேதான் சொன்னாங்க."

பிறகு டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தாளில் கைப்பிடி வளைந்த குடை மாதிரி ஒரு படம் வரைந்தார்.

"இதயத்துல இருந்து ரத்தம் வெளிய வர்ற முதல் குழாய் இது. அயோர்ட்டா. பெருந்தமனின்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க. இதயம் ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் இது விரியணும். விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பணும். அதுக்காகவே இந்தச் சுவருக்குள்ள மீள்நார் அடுக்கடுக்கா இருக்கு."

"ரப்பருங்களா?"

"ரப்பர் மாதிரிதான். எலாஸ்டின்னு பேரு."

"வெறும் ரப்பர்னா இழுத்த இழுப்புக்கெல்லாம் போயிருமுங்களே. மேல நூலு சுத்தியிருக்கோணுமே?"

டாக்டரம்மா அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "இருக்கு. கொலாஜன். அது நீளாது. அளவுக்கு மேல விரியாம அதுதான் பிடிச்சு நிறுத்தும்."

"அப்ப எங்களுக்கு எதுங்க கெட்டுப்போச்சு?"

"எலாஸ்டின் படிஞ்சு உட்கார ஒரு சட்டம் வேணும். ஃபைப்ரில்லின்னு நுணுக்கமான ஒரு நார். பாவுநூல்னு வச்சுக்குங்களேன். உங்க உடம்பு அதைச் சரியாச் செய்யல. பொறப்புலயே அப்படி. கண்ணுல லென்ஸைக் கட்டியிருக்கிற நூலும் அதேதான். விரல் இப்படி நீண்டதும் வளையறதும் அதனாலதான். மார்ஃபன் சிண்ட்ரோம்னு சொல்லுவோம்."

"புதுசா மாத்திக் கட்ட முடியாதுங்களா?"

"எலாஸ்டினை உடம்பு வளர்ற வயசுலதான் செஞ்சு வைக்கும். அப்புறம் செய்யாதுன்னே சொல்லலாம். அந்தக் கையிருப்பை வச்சே கடைசி வரைக்கும் ஓட்டணும். ஒரு நாளைக்கு லட்சம் தடவை விரிஞ்சு சுருங்குதும்மா."

கம்பெனி லேபில் எலாஸ்டிக்கை மிஷினில் மாட்டி நூறு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். நூற்றுக்கு நின்றால் உயர்ந்த சரக்கு. லட்சம் என்பதைக் கலைமகளால் ஒரு அளவாக நினைக்க முடியவில்லை.

"செத்த எலாஸ்டிக்குங்க" என்றாள் மெதுவாக. "விரியும், திரும்பாது."

"ஆமா. திரும்பாம விரிஞ்சுக்கிட்டே போய், ஒரு நாள் உள்பக்கம் கிழியும். பாரம் தூக்கும்போது, எகிறிக் குதிக்கும்போது அழுத்தம் ஏறும். அப்பக் கிழிய வாய்ப்பு அதிகம்."

கலைமகளுக்கு எக்கோ எடுத்தார்கள். நாலு புள்ளி மூன்று சென்டி வந்தது. மாத்திரை எழுதினார்கள். பாரம் கூடாது, ஓடக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும், ஐந்தை நெருங்கினால் அறுவை செய்து குழாயை மாற்றிவிடலாம் என்றார்கள். அதையெல்லாம் அவள் வேறு யாருக்கோ சொல்வதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அடுத்துக் கேட்டதுதான் காதில் விழுந்தது.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

ஒரே மகள், தரணி. பதினேழு வயது. ப்ளஸ் டூ. ஆறடி. பள்ளிக்கூட வாலிபால் அணியில் அடிக்கிறவள் அவள்தான். ஓடி வந்து எம்பினால் இடுப்பு வலைக்கு மேலே தெரிகிற மாதிரி இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "அவளுக்கும் எக்கோ எடுத்துட்டு வாங்க. நான் பாக்கற வரைக்கும் பந்து பக்கம் போக வேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்தில் தேர்வு ஆட்டம். அதில் எடுத்துவிட்டால் விளையாட்டு விடுதியில் இடம். அப்புறம் கல்லூரியும் அப்படியே. தரணி நான்கு வருடமாக அந்த ஒரு நாளுக்குத்தான் எம்பிக்கொண்டிருந்தாள். கலைமகளும் அப்படித்தான். தன் மகள் தையல் மிஷின் பக்கம் வந்து உட்காரக் கூடாது என்பதைத் தவிர அவளுக்குச் சாமியிடம் வேறு வேண்டுதல் இருந்ததில்லை.

லிங்கசாமியிடம் பாதிதான் சொன்னாள். கண்ணில் கோளாறு, நெஞ்சுக்கு மாத்திரை, பயப்பட ஒன்றும் இல்லை. முழுதாகச் சொன்னால் அந்த மனுசன் அன்றைக்கே பந்தைக் குத்தி வீசிவிடுவார். மகளிடம் முக்கால்வாசி சொன்னாள். தரணி எழுந்து போய்க் காலண்டரில் தேதியைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை எக்கோ எடுத்துரலாம்" என்றாள். "நல்லா இருந்தா ஞாயித்துக்கிழமை போறேன். இல்லீன்னா போகல. சரியா?"

"சரி கண்ணு."

சனிக்கிழமை மாலை ஸ்கேன் சென்டரில் கூட்டம். தரணி ஒருக்களித்துப் படுத்திருக்க, கலைமகள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பும் சாம்பலுமாக ஒரு சுவர் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. லைனில் நூறு பீஸை ஒரு கை புரட்டலில் நல்லது கெட்டது பிரித்துவிடுகிற கண் அது. இங்கே அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

டெக்னீசியன் அளவு எடுத்த தாளைக் கொடுத்தார். "டாக்டர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் திங்கக்கிழமைதாங்க. மேடம்கிட்டக் காட்டாம எதும் முடிவு பண்ணிக்காதீங்க."

வெளியே வந்து, டீக்கடை வெளிச்சத்தில் கலைமகள் தாளை மூக்குக்கருகில் வைத்துப் பார்த்தாள். வரிசையாக எண்கள். அயோர்ட்டா என்ற இடத்தில் 4.2. பக்கத்தில் அடைப்புக்குள் இயல்பான அளவு 2.0 முதல் 3.7 வரை.

இருபத்திரண்டு வருடமாக அவள் படித்த தாள் ஒன்றே ஒன்றுதான். பீஸ் அளவுத் தாள். அதில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் டாலரன்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். கூடவோ குறையவோ அரை சென்டி போகலாம். துணி என்பது இரும்பல்ல. கொஞ்சம் முன்னே பின்னே வரத்தான் செய்யும். அந்த அரை சென்டிக்குள் நின்றால் பீஸ் கப்பல் ஏறும்.

மூன்று புள்ளி ஏழு. அதோடு அரை சென்டி. நாலு புள்ளி இரண்டு.

சரியாக விளிம்பில் நின்றது. விளிம்பு என்றாலும் உள்ளேதான்.

"என்னம்மா போட்டிருக்குது?"

மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளை நாலாக மடித்தாள்.

"பாஸ் கண்ணு."

"நெசமா?"

"அளவுக்குள்ளதான் இருக்குது. போயிட்டு வா."

தரணி நடுரோட்டில் அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்தாள். "இரு இரு, என்னையத் தூக்காதே" என்று கலைமகள் கத்தியது சிரிப்பில் கலந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஓடியது. மறுநாள் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு. சின்னப் பெண்பிள்ளைகளுக்கான மேல்சட்டை. கழுத்தைச் சுற்றி எலாஸ்டிக். தரணி காலை ஏழு மணிக்கே பி.டி. மாஸ்டரோடும் அணியோடும் வேனில் தாராபுரம் போய்விட்டாள். கலைமகளின் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. மடித்த தாள் ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

பத்தரை மணி இருக்கும். தரம் பார்க்கிற நிர்மலா, பக்கத்து மிஷின் ஒடிசாப் பெண்ணின் பீஸைக் கொண்டுவந்து அவள் முன்னாலேயே போட்டாள். "கழுத்து இழுப்பு பத்தல. அத்தனையும் பிரி."

அந்தப் பெண் வந்து ஒரு வருடம் ஆகிறது. டேப்பை எடுத்துக் கழுத்தை இழுத்து அளந்து பார்த்தாள். ஐம்பத்திரண்டு வர வேண்டியது ஐம்பத்தொன்றரைக்கு மேல் போகவில்லை. கலைமகள் பக்கம் திரும்பி, நியாயம் கேட்கிற குரலில் சொன்னாள்: "அக்கா, ஆஃப் சென்டிதானே கம்மி? ஆஃப் சென்டி டாலரன்ஸ் இருக்கு நா? பாஸ் ஆகும் நா?"

கலைமகள் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொன்ன பதில்தான்.

"அது இடுப்புக்கு அம்மிணி. இது கொழந்தை தலை போற எடம். சட்டை மாட்டிக்கிட்டா மூச்சு முட்டிப்போயிருமல்லோ. உசிரு போற எடத்து அளவுக்கு டாலரன்ஸ் கெடையாது."

சொல்லி முடித்தபோது ஊசி ஓடிக்கொண்டிருந்தது. துணி தீர்ந்து வெறும் நூல் பின்னிக்கொண்டு போனது அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா?" என்றாள் ஒடிசாப் பெண்.

கலைமகள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தாளை எடுத்தாள். 4.2. அடைப்புக்குள் 2.0 முதல் 3.7. அதற்குப் பக்கத்தில் எந்தக் கட்டமும் இல்லை. நேற்று டீக்கடை வெளிச்சத்தில் அந்தக் கட்டத்தைப் போட்டது அவள்தான். அதற்குள் அரை சென்டி என்று எழுதியதும் அவள்தான்.

மகளுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாஸ்டருக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான்.

"எங்க போறே?" மணியன் வழியில் நின்றார். "நாளைக்குச் சரக்கு போகோணும். இப்பப் போனீன்னா நாளைக்கு இந்தப் பக்கம் வராதே, ஆமா."

"வரலீங்க" என்றாள் கலைமகள். அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஓடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வர, ஓட்டத்தைப் பாதியில் நடையாக்கினாள்.

லிங்கசாமிக்குப் போன் போட்டாள். காங்கேயம் ரோட்டில் லோடோடு வந்துகொண்டிருந்தார். பின்னால் ஈரவாடை மாறாத துணி ரோல்கள். அவள் கை காட்டிய வேகத்தைப் பார்த்து ஓரங்கட்டினார். ஏறி உட்கார்ந்து, "தாராபுரம் போங்க" என்றாள்.

"லோடு இருக்குதே?"

"லோடோட போங்க."

இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும்தான் சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தடவை முழுதாகச் சொன்னாள். தம்பி கிழிந்து செத்தது, தன் நாலு புள்ளி மூன்று, மகளின் நாலு புள்ளி இரண்டு, தான் போட்ட பாஸ். லிங்கசாமி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். முன்னால் போன பஸ்ஸைத் தாண்ட ஆரன் அடித்தார். வழி கிடைக்கவில்லை. மறுபடி அடித்தார்.

"ஏன்டி, நீ என்ன டாக்டரா?"

அவள் மாஸ்டரின் எண்ணை மறுபடி அழுத்தினாள்.

"பீஸாடி அது? பாஸ் போட்டுப் பொட்டியில கட்டி அனுப்பறதுக்கு?"

"திட்டறதைத் திரும்பி வரும்போது திட்டுங்க. இப்ப வண்டியைப் பாருங்க."

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அவளைப் போக உட்டிருக்க மாட்டீங்க."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் தன் பக்கமே திரும்பி நிற்பது தெரிந்தது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் முனகியது. கலைமகள் மாஸ்டரின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும், அந்த நேரத்தில் தரணி ஓடி வந்து எம்புகிறாள் என்று தோன்றியது. மணி நின்றால் இறங்கிவிட்டாள் என்று தோன்றியது. எண்ணுவதை நிறுத்த முடியவில்லை.

மைதானத்தை அடைந்தபோது மூன்றாவது செட். முதல் இரண்டில் ஆளுக்கொன்று. கயிறு கட்டிய ஓரத்தில் நாலைந்து வரிசைக் கூட்டம். கலைமகளுக்குக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பார்க்க முடியும். அவள் வாழ்க்கையில் அந்த உயரம் உதவிய இடங்கள் குறைவு. இங்கே உதவியது.

தரணி அப்போதுதான் எம்பினாள். வலது கை பின்னால் வளைந்து, முதுகு வளைந்து, முழு உடம்பும் இழுத்துப் பிடித்த நாடாவாகி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு விடுபட்டது. பந்து எதிர்ப்பக்கத் தரையில் விழுந்து புழுதி கிளம்பிய பிறகுதான் சத்தம் கேட்டது. கூட்டம் கத்தியது. கலைமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை. அது எதனால் ஆனது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பன்னெண்டுக்குப் பதினொண்ணு" என்றான் பக்கத்தில் நின்றவன். "இன்னும் மூணு பாயிண்ட்டு. அந்த ஒசரக்காரப் புள்ளைய எடுத்தாச்சுன்னே வச்சுக்குங்க. செலக்சன்காரங்க அதையேதான் பாத்துட்டு இருக்காங்க."

மூணு பாயிண்ட். கலைமகளின் கை கயிற்றைப் பிடித்தது. காலை முதல் எத்தனை தடவை எம்பியிருப்பாள், ஒன்றும் ஆகவில்லையே. இன்னும் மூணே மூணு. அஞ்சு நிமிசம். அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம். விடுதியில் இடம் கிடைத்த பிறகு மெதுவாக...

அரை சென்டி, என்றது உள்ளிருந்து ஒரு குரல். மறுபடியும் அதே அரை சென்டி.

கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

விசில் ஊதியது. "அம்மா! ஏனுங்க, வெளிய போங்க! மேட்ச் நடக்குதுங்க!" கூட்டத்தில் யாரோ, "மூணு பாயிண்ட்டுக்கு அம்மாவையும் கூட்டியாந்துட்டாங்கடோய்" என்றான். சிரிப்பு எழுந்தது. கலைமகள் கோட்டைத் தாண்டி, மகளுக்கு முன்னால் போய் நின்றாள். தரணியின் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"என்னம்மா?" பல்லைக் கடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள் தரணி.

"அது பாஸ் இல்ல கண்ணு."

"எது?"

"நாலு ரெண்டு. நான் தப்பாப் பாத்துட்டேன். வா, போலாம்."

"நீதானே சொன்னே? அளவுக்குள்ள இருக்குதுன்னு நீதானேம்மா சொன்னே?"

"ஆமா. நான்தான். தப்பு."

"மூணு பாயிண்ட்டும்மா." குரல் உடைந்தது. "மூணே மூணு. முடிச்சுட்டு வந்தர்றேன். உன்ற காலைப் புடிக்கறேன்."

"உன்ற மாமனும் ரெண்டு ரோல்தான் மிச்சம்னு சொன்னான்" என்றாள் கலைமகள்.

மாஸ்டர் ஓடி வந்தார். நடுவர் வந்தார். லிங்கசாமி கயிற்றுக்கு அந்தப் பக்கம், வண்டிச் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்தியபடி நின்றுகொண்டிருந்தார். தரணி யாரையும் பார்க்கவில்லை. பந்து அவள் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதை மாஸ்டரின் கையில் வைத்துவிட்டு, கோட்டைத் தாண்டி, அப்பாவின் பக்கமாக நடந்தாள். அம்மாவைச் சுற்றிக்கொண்டு போனாள்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். லிங்கசாமி வேகத்தடை ஒவ்வொன்றிலும் முட்டை ஏற்றி வந்தவர்போல இறங்கினார். திரும்பும்போது திட்டச் சொல்லியிருந்தாள், அவர் திட்டவில்லை.

"தோத்துருப்பாங்க" என்றாள் தரணி ஒரே ஒரு தடவை, ஜன்னல் பக்கம் பார்த்து.

திங்கட்கிழமை டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "நேத்து விளையாடினாளா?" என்று கேட்டார்.

"ரெண்டரை செட்டுங்க. நான்தானுங்க அனுப்பினேன்."

டாக்டரம்மா கோபிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ரிப்போர்ட்டை இரண்டாம் தடவை படித்தார். இந்த வயதுக்கு இது பெரிய விரிவு, மாத்திரை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும், போட்டி ஆட்டம் இனிக் கிடையாது என்றார். நடக்கலாம், படிக்கலாம், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நெடுநாள் வாழலாம் என்றும் சொன்னார். தரணி நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் மட்டும், "சர்வீஸ் போடலாமுங்களா? எம்பாம, நின்னுக்கிட்டு?" என்றாள். "வீட்டு முன்னாடி, விளையாட்டா. அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

மணியன் மூன்றாம் நாளே ஆள் அனுப்பினார். புதுப் பெட்டி எலாஸ்டிக் வந்து இறங்கியிருந்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. கலைமகள் போனாள். லைனில் எல்லாம் பழையபடிதான் இருந்தது. வீட்டில் தரணி அவளோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், மாத்திரை கொடுத்தால் விழுங்கினாள், அப்பாவிடம் பேசினாள், போனில் சிரிக்கக்கூடச் செய்தாள். அம்மா வந்தால் வாயை மூடிக்கொண்டாள். அந்த அணி தோற்றதும், வேறொரு பள்ளிக்கூடத்துப் பெண்ணை எடுத்ததும் அக்கம்பக்கம் சொல்லித்தான் கலைமகளுக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் மாலை, வேலை முடிந்து வந்து முற்றத்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். தரணி வந்து எதிரில் உட்கார்ந்தாள். அம்மாவின் ஈரக் கையை இழுத்தாள். கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் அந்த மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள். கட்டைவிரல் நகம் சுண்டுவிரலைத் தாண்டி ஏறி நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"உன்னுதும் அதே மாசந்தானே?" என்றாள்.

"என்னது கண்ணு?"

"அடுத்த எக்கோ. ரெண்டு பேருக்கும் ஒரே நாளைக்குப் போட்டுரு. தாளை நீ பாக்காதே. நான் பாத்துக்கறேன்."